மாலைக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்

போன வாரம் கீர்த்தனா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய டேட்டா சென்டரில் மின்சாரப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாலு வருஷம் என்னோடு வேலை பார்த்தவள். கிறிஸ்துமஸுக்கும் என் பிறந்தநாளுக்கும் தவறாமல் கூப்பிடுவாள். இது இரண்டும் இல்லாத நாள் என்பதால் ஏதோ சிக்கல் என்று நினைத்தேன்.

“சார், ஒரு டவுட். சிரிக்கக் கூடாது.”

“சிரிச்சா உனக்குத் தெரியவா போகுது? சொல்லும்மா.”

“ஆயுத பூஜை வருது இல்ல? நம்மகிட்ட கற்பூரம் காட்டின அப்புறம் கடைசியா ஒரு கிறிஸ்டியன்தான் ஜெனரேட்டரை ஆட்டோவுக்குத் திருப்பணும்னு ஒரு வழக்கம் இருக்கே. இத்தனை வருஷம் வின்சென்ட் திருப்பினான். அவன் மாத்தலாகி சென்னைக்குப் போயிட்டான். இப்ப டீம்ல கிறிஸ்டியனே இல்ல. வேற யாராவது திருப்பினா தோஷமா சார்?”

சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு, “நாளைக்குக் கூப்பிடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த கிறிஸ்தவன் நான்தான். அது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாது.

நான் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஒன்பது வருஷம் பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார் காயில் சுற்றினேன். 1991-இல் பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கிய கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். சேர்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஊரில் இருக்கும் ஐந்தாறு ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவுகளை, பரிசோதனை முடிவுகளை, இரத்த வகை விவரங்களை எல்லாம் அங்கே இருந்த சர்வர்களில் வைத்துப் பாதுகாப்பது கம்பெனியின் தொழில். அந்த சர்வர்களுக்கு மின்சாரம் நிற்காமலும் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொள்வது என் தொழில்.

வேலை என்னவென்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனால் யு.பி.எஸ். பாட்டரிகள் அந்தக் கணமே சுமையைத் தாங்கும். அது பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் கீழே ஷெட்டில் இருக்கும் டீசல் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அது தானாகக் கிளம்ப வேண்டுமானால் அதன் பேனலுக்குள் இருக்கும் சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இருக்க வேண்டும். ‘ஆஃப்’பில் இருந்தால் ஜெனரேட்டர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும்.

சர்வர் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு நேர் மேலே மொட்டை மாடி. தண்ணீர் கீழேதான் இறங்கும் என்பது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வந்தார் ஷைலஜா மேடம். ஷிமோகாக்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார், பேசும்போது குரலே உயராது. பார்த்தால் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர் மாதிரி இருப்பார். வாயைத் திறந்து தமிழ் பேசினால் நாங்கள் அசந்துபோவோம். அவர் இன்ஜினியராக முதலில் வேலை பார்த்தது பீன்யாவில். அங்கே லேத் ஓட்டிய வட ஆற்காட்டு ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். அதில் இடையிடையே கன்னடமும் வந்து விழும்.

வந்த முதல் நாள் அவர் எங்களை உட்காரவைத்து உரை எதுவும் ஆற்றவில்லை. என் லாக் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, “வாங்க, ஒரு ரவுண்டு போவலாம்” என்றார். லாக் புத்தகம் என்பது பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டு. டீசல் என்ற இடத்தில் ‘பாதி’ என்று எழுதியிருந்தேன். மீட்டர் முள்ளும் பாதியில்தான் இருந்தது. மேடம் மூலையில் இருந்த மூங்கில் குச்சியை எடுத்துத் துடைத்து, டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே விட்டு வெளியே எடுத்தார். ஈரம் கால்வாசிதான் ஏறியிருந்தது.

“ஆரோக்கியம், இன்னாத்தைப் பாத்து எழுதினீங்க?”

“மீட்டரைப் பாத்து மேடம்.”

“மீட்டர் சொல்றத எழுதறதுக்கு நீங்க இன்னாத்துக்கு? கை வெச்சுப் பாருங்க, அப்பறம் எழுதுங்க. கை படாதத எழுத பேடா. ஆய்த்தா?”

பேடா என்றால் வேண்டாம், ஆய்த்தா என்றால் ஆச்சா. ஆய்த்து என்று தலையாட்டினேன். ஐ.டி.ஐ. படித்து, ஒன்பது வருஷம் காயில் சுற்றியவனுக்கு ஒரு மூங்கில் குச்சியை வைத்துப் பாடம் நடக்கிறதே என்று உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனால் குச்சியின் ஈரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு என்ன பேசுவது?

அன்றிலிருந்து அவர் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பி நான் பார்த்ததில்லை. பாட்டரி வரிசையில் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். நாற்பது பாட்டரிக்கு நடுவில் ஒன்று மட்டும் லேசாகச் சுடுவதைக் கண்டுபிடித்து, “இத்து ஜொரம் வந்து கீது, மாத்துங்க” என்பார். ஏ.சி. இயந்திரத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவுவார். வேலை முடிந்ததும் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கைக்குட்டையை எனக்குக் காட்டுவார். கறை இருந்தால் எனக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை வந்தால் கம்பெனி முழுவதும் அவரைத் திட்டும். காலை பதினோரு மணிக்கு, எல்லாரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது, மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ஜெனரேட்டர் கிளம்புகிறதா, சுமையை ஏற்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவார். புரோகிராமர்களின் தலைவர் ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சிரைக்க ஓடி வந்து, இதை ஞாயிற்றுக்கிழமை செய்யக் கூடாதா என்று கேட்டார். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சோதித்தால் ஞாயிற்றுக்கிழமை சுமையைத்தான் தாங்கும் என்று தெரியும், எனக்குச் செவ்வாய்க்கிழமைச் சுமை தாங்குமா என்று தெரிய வேண்டும் என்றார். அந்த மனிதர் திரும்பிப் போனார். அடுத்த செவ்வாயிலிருந்து பத்தே முக்காலுக்குத் தன் வேலையைச் சேமித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் எனக்கு அவர் மேல் முழு மரியாதை வந்தது பென்சில் விஷயத்தில்தான். சர்வர் அறையில் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் பலகைகளால் ஆன இன்னொரு தரை இருக்கும். நடுவில் உள்ள சந்தில் கேபிள்கள் ஓடும். அங்கே தண்ணீர் வந்தால் மேலே நடப்பவருக்குத் தெரியாது. வந்துவிட்டுக் காய்ந்துபோனால் வந்ததே தெரியாது. தண்ணீரைக் கண்டுபிடிக்கும் கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு மேலிடம் கையெழுத்துப் போடவில்லை. மேடம் ஒரு நாள் தபாலாபீஸ் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டஜன் காப்பியிங் பென்சில் வாங்கி வந்தார். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகத் தெரியுமே, அந்தப் பென்சில்.

கீழ்த்தரைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொன்னார். காய்ந்ததும் பலகைகளைக் கழற்றிவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரே சந்துக்குள் குனிந்து உட்கார்ந்து சுவரோரமாகவும் ஒவ்வொரு ஏ.சி.யைச் சுற்றியும் கோடு போட்டார். காய்ந்த தரையில் கோடு சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஊதாவாகிவிடும், பிறகு காய்ந்தாலும் ஊதா போகாது. மூன்றாவது வாரமே ஒரு ஏ.சி.க்குப் பின்னால் நாலு விரற்கடை நீளத்துக்கு ஊதா தெரிந்தது. குழாயில் மயிரிழை விரிசல். அது எத்தனை மாதமாகக் கசிந்து காய்ந்து கசிந்து காய்ந்துகொண்டிருந்ததோ. எட்டு ரூபாய்ப் பென்சில் அதைக் காட்டிக்கொடுத்தது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அரை மணி நேரம் மேடத்தின் புகழ் பாடினேன். சாப்பாடு ஆறுகிறது என்று அவள் எழுந்துபோய்விட்டாள்.

இப்படிப்பட்ட அதிகாரியிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவன்தான் அந்த ஆயுத பூஜை நாளில் அப்படி நடந்துகொண்டேன்.

ஆயுத பூஜை அன்று ஷிஃப்ட் எப்போதும் எனக்குத்தான். நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். மற்றவர்கள் வீட்டில் பூஜை இருக்கும், எனக்கு இல்லை. அதற்கு ஈடாகக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஜெனரேட்டரை ஓட்டுபவன் முனியப்பா. ஓசூர்ப் பக்கத்து ஆள், கான்ட்ராக்டில் இருந்தவன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு அந்த மெஷின் சாமி. முந்தின நாளே தேய்த்துக் கழுவிப் பளபளப்பாக்கியிருந்தான். காலையில் சந்தனமும் குங்குமமும் இட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பேனல் கதவின் குறுக்கே ஆள் உயரச் சேவந்தி மாலை சாத்தியிருந்தான். மொட்டை மாடியில் இருந்த தண்ணீர் மோட்டாருக்கும் ஏ.சி.களுக்கும்கூட மாவிலையும் பூவும் உண்டு.

சந்தனம் வைக்கும்போது மெஷின் தானாகக் கிளம்பிவிட்டால் கை போய்விடும். அதனால் முனியப்பா பேனலைத் திறந்து சுவிட்சை ஆஃபில் வைத்திருந்தான். அது மேடம் போட்ட விதிதான், சரியான விதி. கற்பூரம் காட்டினார்கள். ஜெனரல் மேனேஜர், மேடம், எல்லாரும் தட்டில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஓரமாக நின்றேன், ஒவ்வொரு வருஷமும் நிற்பதைப் போலவே. பொரியும் புளியோதரையும் ஆளுக்கொரு பொட்டலம். ஒரு மணிக்குக் கட்டடம் காலி. நானும் வாசலில் செக்யூரிட்டியும் மட்டும்.

இரண்டு மணிச் சுற்று. ஷெட்டுக்குப் போனேன். பேனல் கதவைத் திறந்து சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவின் குறுக்கே மாலை. அதன் மேல் சந்தனம், குங்குமம், கீழே இன்னும் அணையாத விளக்கு, ஒரு எலுமிச்சம்பழம். கையை நீட்டினேன், பாதியில் நிறுத்தினேன். பூஜை செய்தது அவர்கள் சாமிக்கு. நான் போய் மாலையை விலக்கினால், முனியப்பா வந்து பார்த்தால் மனசுக்குள் என்ன நினைப்பான்? ஒன்றும் நினைத்திருக்க மாட்டான் என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. காலையில் அத்தனை பெரியவர்கள் நின்று பார்த்த இடம், சுவிட்ச் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தை எடுத்து, ‘2.00 – சுவிட்ச்: ஆட்டோ’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டரை மணிக்கு முனியப்பா மனைவியையும் குழந்தையையும் கூட்டி வந்து, அலங்காரம் செய்த மெஷினைக் காட்டிவிட்டு, என்னிடமும் பேசிவிட்டுப் போனான். நாலு மணிவாக்கில் மழை பிடித்தது. அக்டோபர் மழை, எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

மழை பிடித்தால் வடக்கு மூலைப் பலகையைத் தூக்கிக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்பது விதி. தூக்கினேன். சுவரோரம் இரண்டு முழ நீளத்துக்குக் கோடு ஊதா. கண்ணெதிரே அது நீண்டுகொண்டே போயிற்று. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயை மாவிலையும் பூவும் அடைத்திருக்கின்றன, தேங்கிய தண்ணீர் கேபிள் இறங்கும் ஓட்டை வழியாக வருகிறது என்று பிறகு தெரிந்தது. செக்யூரிட்டியை மாடிக்கு விரட்டிவிட்டு, நான் துணியையும் சாக்கையும் சுருட்டி அணை கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மின்இணைப்புப் பெட்டிகளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று.

ஏ.சி.கள் நின்றன. விளக்குகளும் சர்வர்களும் யு.பி.எஸ்.ஸில் ஓடின. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஜெனரேட்டர் கிளம்பினாலும் ஏ.சி.கள் ஐந்து நிமிஷம் தாமதித்துத்தான் ஓடும், அப்படித்தான் அமைப்பு. சர்வர் அறையிலிருந்து ஷெட்டின் சத்தமும் கேட்காது. இரண்டு மணிக்கு ஆட்டோ என்று எழுதியிருக்கிறதே, பிறகென்ன? என் கையெழுத்தை நானே நம்பினேன். இதைவிட வெட்கக்கேடான வரி என் வாழ்க்கையில் இல்லை.

தண்ணீர் நின்றது. நிமிர்ந்து முகத்தைத் துடைத்தபோதுதான் அறை வெக்கையாக இருப்பது உறைத்தது. ஏ.சி. இன்னும் வரவில்லை. சுவரில் இருந்த யு.பி.எஸ். காட்டியில் முள் சிவப்புக்குள் போயிருந்தது. மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஷெட்டில் அந்த மாலையைப் பிடித்து இழுத்தேன், நார் அறுந்து பூ எல்லாம் தரையில். கதவைத் திறந்தேன். ஆஃப். திருப்பினேன். மெஷின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. அதன் மேல் எந்தப் பிழையும் இல்லை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தபோது சர்வர்கள் எல்லாம் செத்து, மறுபடி ஒவ்வொன்றாகக் கண் திறந்துகொண்டிருந்தன. ஒரு நிமிஷத்தில் தவறவிட்டிருந்தேன்.

ஒரு சர்வர் கண் திறக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் அன்றைய பதிவுகள் முழுவதும் போயின. நல்லவேளையாக அவர்களிடம் காகிதச் சீட்டுகள் இருந்தன. முந்தின நாள் வரைக்குமானதை, தினமும் நகல் எடுத்து வைக்கும் டேப்பிலிருந்து மீட்டு, மீதியை இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். அதற்கிடையில் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் அவசரமாக எதுவும் தேவைப்படாமல் போனதற்கு நான் இன்றைக்கும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

தகவல் கிடைத்து ஐந்தரை மணிக்கு மேடம் ஆட்டோ ரிக்ஷாவில் வந்து இறங்கினார். பண்டிகைப் பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. பின்னாலேயே ஜெனரல் மேனேஜரும் வந்தார். அவர் லாக் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு மணிக்கு ஆட்டோ, நாலரைக்கு ஆஃப், அப்படியானால் நடுவில் யார் ஷெட்டுக்குள் போனது என்று கேட்டார். செக்யூரிட்டியின் வருகைப் பதிவேட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. முனியப்பா.

முனியப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் நனைந்துகொண்டே வந்தான். குழந்தைக்கு மெஷினைக் காட்டும்போது விளையாட்டாகத் திருப்பியிருப்பான் என்று முடிவுகட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஜெனரல் மேனேஜர் சொல்லிவிட்டார். முனியப்பா, “நான் தொடலை சார், சத்தியமா தொடலை” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். நான் எழுதிய ஒரு சொல் அவன் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் என் வேலை போகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். திறக்கவில்லை.

மேடம் லாக் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். “ஆரோக்கியம், என்னோட சொல்ப ஷெட்டுக்கு வாங்க” என்றார்.

ஷெட்டில் ஜெனரேட்டர் ஓடி நின்ற சூடு இன்னும் இருந்தது. மேடம் குனிந்து, தரையில் கிடந்த மாலையின் ஒரு துண்டைக் கையில் எடுத்தார். அறுந்த நாரைப் பார்த்தார். பேனல் கதவைப் பார்த்தார். பிறகு அதே அமைதியான குரலில் கேட்டார்.

“ரெண்டு மணிக்கு நீங்க கதவு தொறந்தப்போ, மாலையை எங்க வெச்சீங்க?”

ஆணியில் மாட்டினேன் என்று சொல்லலாம், அங்கே ஆணி இல்லை. கையில் பிடித்துக்கொண்டேன் என்றால், இன்னொரு கையால் கனமான கதவைத் திறந்து எழுதவும் முடியாது. ஆனால் நான் உண்மையைச் சொன்னது அதனால் அல்ல. அந்த மனுஷியிடம் இரண்டாவது பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நான் தொறக்கலை மேடம். மாலையைத் தொடறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நான் வேற ஆளு... தொட்டா தப்பா நினைப்பாங்களோன்னு... பாக்காமலே எழுதிட்டேன்.”

அவர் திட்டவில்லை.

“முனியப்பா ஏன் திருப்பி வெக்கல?”

அதை முனியப்பாவையே கூப்பிட்டுக் கேட்டோம். “பூஜை போட்டதை உடனே தொடக் கூடாதுன்னு விட்டேன் மேடம். ரெண்டு மணிக்கு ஆரோக்கியண்ணன் எப்படியும் பாப்பாரு, பாத்தா திருப்பிடுவாருன்னு இருந்தேன்” என்றான். அவன் என்னை நம்பியிருக்கிறான். நான் அவர்கள் எல்லாரையும் நம்பியிருக்கிறேன். சுவிட்சை யாரும் பார்க்கவில்லை.

மேடம் தன் பேனாவை என்னிடம் நீட்டினார். “எழுதினத அடிக்கக் கூடாது. கீழ எழுதுங்க.” இரண்டு மணி வரிக்குக் கீழே, ‘மேலே உள்ளதை நான் பார்க்காமல் எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெனரல் மேனேஜரின் அறைக்குப் போனார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. நானும் முனியப்பாவும் வெளியே நின்றோம்.

உள்ளே ஜெனரல் மேனேஜர், அப்படியானால் முனியப்பாவுக்குப் பதில் ஆரோக்கியசாமியை அனுப்பிவிடு என்றார். மேடம் கன்னடத்தில் பதில் சொன்னார், எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. “இனிமேல் ஜென்மத்துக்கும் பார்க்காமல் எழுதாத ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவரை அனுப்பிவிட்டுப் புது ஆளை எடுத்தால், அவர் முதல் பொய்யை இனிமேல்தான் எழுதுவார். அப்புறம் இன்னொன்று. கற்பூரம் காட்டும்போது நானும் அங்கேதான் நின்றேன். சுவிட்சைப் பார்க்காமல் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது.”

முனியப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு என் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மேடம் எழுதிய அறிக்கையின் நகல் பிறகு என் பார்வைக்கு வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. என்னைப் பற்றி ‘பணியில் இருந்தவர்’ என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பழையபடி கைக்குட்டையைக் காட்டினார், பழையபடி வேலை வாங்கினார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. முனியப்பா பழையபடி மாலை சாத்தினான். கற்பூரம் காட்டியாயிற்று. ஆட்கள் பொட்டலத்துக்குக் கை நீட்டினார்கள்.

“நில்லுங்கப்பா, பூஜை இன்னும் முடியல” என்றார் மேடம். பிறகு என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “உங்களுக்கு இத்துல சங்கடம் ஒண்ணும் இல்லியே? இருந்தா பேடா” என்றார். சங்கடம் இல்லை என்றேன். “அப்ப வாங்க. நீங்கதான் திருப்பணும்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாலையை இரண்டு கையாலும் தூக்கினேன். முனியப்பா வந்து அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். கதவைத் திறந்து, சுவிட்சைத் திருப்பி, “ஆட்டோ” என்று வாய்விட்டுச் சொன்னேன். உடனே மேடம் மெயினை இறக்கச் சொன்னார். ஜெனரேட்டர் பூவும் பொட்டுமாகக் கிளம்பி ஓடியது. அது ஓடுவதைப் பார்த்த பிறகுதான் புளியோதரை. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.

கம்பெனி வளர்ந்தது, கட்டடம் மாறியது, பெயரும் இரண்டு தடவை மாறியது. மேடம் 2000-க்கு அப்புறம் சில வருஷம் இருந்துவிட்டு ஷிமோகாவுக்கே போய்விட்டார். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்தில் வின்சென்ட் திருப்பினான். ஏன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேடம் என் பெயரை மறைத்து வைத்ததில் கதையும் மறைந்துபோய், ஒரு கிறிஸ்தவன் திருப்ப வேண்டும் என்பது மட்டும் மிஞ்சிவிட்டது போலிருக்கிறது.

மறுநாள் கீர்த்தனாவைக் கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன். முடித்ததும், “இதை டீம்ல சொல்லலாமா சார்?” என்று கேட்டாள்.

“சொல்லு. பணியில் இருந்தவர்னு சொல்லாதே. ஆரோக்கியசாமின்னு சொல்லு.”

“அப்ப கிறிஸ்டியன்தான் திருப்பணும்னு இல்ல.”

“இல்லம்மா. மேடம் என்னைக் கூப்பிட்டது நான் கிறிஸ்டியன்கிறதுக்காக இல்ல. நான் பாக்காம எழுதினவன்கிறதுக்காக.”

“அப்ப இந்த வருஷம் யாரு சார் திருப்பறது?”

“உங்க டீம்ல கடைசியா பாக்காம எழுதினது யாரோ, அவங்க.”

இப்போதெல்லாம் லாக் புத்தகம் கிடையாது, கைபேசியில் ஒரு கட்டத்தைத் தொட்டால் பார்த்தாயிற்று என்று பச்சையாகிவிடும் என்று அவளே முன்பு ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்து ஹலோ என்றேன்.

“இருக்கேன் சார்,” என்றாள். “அப்ப இந்த வருஷம் நான்தான் திருப்பணும்.”

எப்போது, எந்த சுவிட்ச் என்று நான் கேட்கவில்லை.